கதவு திறந்துதான் இருந்தது

உட்காருங்கள் அக்கா, தாராளமாக உட்காருங்கள். இந்தக் குழாயை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், முட்டியில் இடிக்கும். பயப்படாதீர்கள், துப்பாக்கி இல்லை. திரை. படம் போடுகிற திரை. சுருட்டி இந்த அட்டைக் குழாய்க்குள் செருகி வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துத் திரை, இன்று திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நடத்துநர் இதற்கும் ஒரு டிக்கெட் கிழித்துவிட்டார். "ஆளு உசரம் இருக்குல்ல, ஆளுக்கு உள்ள டிக்கெட்டுதான்" என்கிறார். எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். சுமைக்கு வேறு கட்டணம், ஆளுக்கு வேறு கட்டணம் இல்லையா? பின்னால் இருந்த ஒருவர், "வாங்கித் தொலைம்மா, பஸ்ஸு நகரட்டும்" என்று கத்தினார். வாதத்தில் நான் தோற்கவில்லை அக்கா. பேருந்து நகர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மீன் வாசனை அடிக்கிறதா? என்னிடமிருந்துதான். காலடியில் ஒரு தூக்கு இருக்கிறதே, அதற்குள் மீன்குழம்பு. நானாகக் கேட்டு வாங்கியதில்லை. அதைச் சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

உங்கள் பையில் என்ன, பத்திரிகையா? யாருக்கு, பெண்ணுக்கா? ஆவணியில் முகூர்த்தமா? சந்தோஷம். ஆனால் இத்தனையையும் நேரில் கொண்டுபோய்த்தான் வைக்க வேண்டுமா? குங்குமச் சிமிழ் வேறு, வெற்றிலை பாக்கு வேறு. ஆடி வெயிலில் ஊர் ஊராக இறங்கி ஏறி... ஒரு போன் போதாதா? அதுவும் இந்தப் பத்திரிகைக் காகிதத்தைப் பாருங்கள், வழவழப்புப் பூச்சு. மண்ணில் போட்டால் மட்கவே மட்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கூப்பிடுகிற விஷயத்தில் எனக்கு நேற்றிலிருந்து நெஞ்சு எரிகிறது. நான் சொல்வதைக் கேளுங்கள், பிறகு யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் பூவிழி. சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு. நேற்று உலகம் முழுக்க ஒரு படம் வெளியானது. நாயகன் நாயகி படமில்லை, ஆவணப்படம். வெயில் ஏறுவது, மழை தப்புவது, கடல் ஊருக்குள் வருவது, இதையெல்லாம் பல நாடுகளில் போய் எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களுடைய ஏற்பாடு என்னவென்றால், தியேட்டர் கிடையாது. அந்தந்த ஊரில் ஒருவர் பொறுப்பெடுத்து, எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் போட வேண்டும். நமக்கு மாலை ஆறரை மணி. எங்கேயோ ஒரு தீவில் அப்போது நள்ளிரவு தாண்டிவிடும், அவர்களும் விழித்திருந்து பார்ப்பார்கள். நடுநடுவே கேமராவை ஒவ்வொரு ஊருக்காகத் திருப்புவார்கள். அந்த ஊர்க் கூட்டம் கையாட்டும். அதை மற்ற எல்லா ஊரும் பார்க்கும். நினைத்துப் பாருங்கள், உலகமே ஒரு கூடத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல.

நம் பக்கத்துக்கு நான் பொறுப்பு. ஊர், பனந்திட்டு. கொள்ளிடம் கடலில் போய்ச் சேருகிற பக்கம் இருக்கிற மீனவர் குப்பம். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நேற்று உலகமே கேள்விப்பட்டது.

ஏன் பனந்திட்டு என்று கேளுங்கள். படத்திலேயே பனந்திட்டு வருகிறது. போன வருஷம் அந்த வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது மொழிபெயர்க்கப் போனவள் நான்தான். என்னை அங்கே கொண்டுபோனவள் சுகந்தி. விடுதியில் என் அறைத்தோழி, பக்கத்துக் கட்டில். அது அவளுடைய ஊர். அவள் அம்மா அஞ்சலாட்சிதான் படத்தில் பேசுகிறார். தண்ணீர் உப்பாகிப்போன அடிபம்புப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அரிசி வெந்துடுது. பருப்பு வேகமாட்டேங்குது. கடலு ஊருக்குள்ள வந்துட்டுன்னு பருப்பு வேகாதப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்பார். எத்தனை பேராசிரியர்கள் எத்தனை படம் வரைந்து காட்டியிருக்கிறார்கள் எனக்கு! ஒன்றும் மனதில் நிற்கவில்லை, இது நிற்கிறது.

சரி. போன மாதம் சாவி கேட்கப் போனேன். அங்கே புயல் பாதுகாப்புக் கூடம் ஒன்று இருக்கிறது. பெரிய கூடம், நல்ல கூடம். சாவி ஊர்ப் பஞ்சாயத்தாரிடம். வலை காயப்போட்டிருந்த நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வைத்தியலிங்கம் நல்ல மனுஷர்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன். "படம் போடறது நல்ல விஷயந்தான் தாயி. சாவியும் தர்றோம், கரண்டும் தர்றோம். நீ ஒண்ணு பண்ணு. தெருவுல ஒரு சுத்து வந்து, வாசல்ல நின்னு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு. நாங்களும் ஆள் வுட்டுச் சொல்றோம்" என்றார்.

"சுவரொட்டி ஒட்டியிருக்கேன் ஐயா. துணியில, கையால எழுதி. வாட்ஸப்பிலயும் போட்டிருக்கேன்."

"செவுரு கூப்புட்டா யாரு வருவா?" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. விட முடியுமா? "இது என்ன என் வீட்டு விசேஷமா? உங்க ஊரு, உங்க கூடம், உங்க கடலு. பார்க்கப் போனா நான்தான் விருந்தாளி. நீங்கதான் என்னைக் கூப்பிடணும்" என்றேன்.

"தலைவரே, படிச்ச புள்ள மடக்கிட்டா பாத்தீங்களா!" என்று ஒரு கிழவர் தொடையைத் தட்டினார். தலைவருக்கும் சிரிப்புதான். "அதில்ல தாயி. நல்லதுன்னா கூப்பிட்டாத்தான் போவோம். கூப்பிடாமப் போறது எழவுக்கு மட்டுந்தான்" என்றார்.

அப்போது நான் சொன்னது, அக்கா, இப்போது நினைத்தாலும் எப்படி அந்த நேரத்தில் அப்படி வந்து விழுந்தது என்று இருக்கிறது. "அப்படின்னா இதையும் எழவுன்னே வச்சுக்கிட்டு வாங்களேன். உங்க ஊருக்கு" என்றேன்.

தொடையைத் தட்டிய கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். தலைவர் சாவியை என் கையில் தராமல் பலகை மேல் வைத்தார். பதில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா? இல்லை. அவ்வளவுதான். நம் ஊரில் இதுதான் கஷ்டம். வாதத்துக்கு வாதம் சொல்ல மாட்டார்கள், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள்.

நீங்களும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்களே. காற்று வேண்டுமா? கண்ணாடியைத் தூக்கட்டுமா? சரி.

அஞ்சலாட்சி அம்மாவையா? அவரை எதற்கு அக்கா நான் தனியாகக் கூப்பிட வேண்டும்? அவர்தான் படத்திலேயே இருக்கிறாரே. கல்யாணப் பெண்ணுக்கு யாராவது பத்திரிகை வைப்பார்களா?

சுகந்திக்குச் சொன்னேனா என்றா? அது வேறு கதை. சுகந்திக்கும் எனக்கும் பேச்சு இல்லை. சித்திரையில் அவளுக்குக் கல்யாணம். ஒரு வருஷம் ஒரே அறை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் நான் கஞ்சி வாங்கி வருவேன். எனக்குத் தேர்வு என்றால் அவள் விடிகாலையில் எழுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் பத்திரிகையை எங்கே போட்டாள் தெரியுமா? வகுப்பு வாட்ஸப் குழுவில். எல்லாரோடும் எல்லாராக. அடுத்த கட்டிலில் உட்கார்ந்துகொண்டு! எனக்குப் போனில் டிங் என்று சத்தம் கேட்கிறது, திறந்து பார்க்கிறேன், இவள் கல்யாணம். கையில் ஒரு பத்திரிகை இல்லை. "வாடி" என்று வாயால் ஒரு வார்த்தை இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போகவும் இல்லை. பிறகு போனில் அழுதாள். "நீதானேடி பத்திரிகை அடிக்கிறது மரத்தை வெட்டுற மாதிரின்னு சொல்லிக்கிட்டே இருப்ப? உனக்குக் காகிதத்தை நீட்டினாத் திட்டுவேன்னுதான் பயந்தேன்" என்றாள். சொன்னேன்தான். பொதுவாகச் சொன்னேன். கொள்கை என்பது பொதுவாகச் சொல்வது. அதைப் பிடித்துக்கொண்டு எனக்கே ஒன்றும் தராமல் விட்டால் எப்படி?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அது வேறு, இது வேறு. அது அவள் வீட்டுக் கல்யாணம். இது பொது நிகழ்ச்சி. இந்த வித்தியாசம் புரியாமல்தான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அவள் கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. விடுதிக் காப்பாளர் புதிதாக ஆள் போடவில்லை, நானும் கேட்கவில்லை. புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். வசதியாகத்தான் இருக்கிறது. யாரும் விளக்கை அணை என்று சொல்வதில்லை.

வகுப்பிலிருந்து யாரும் வரவில்லையா என்று கேட்பீர்கள். குழுவில் போட்டவுடன் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தக் கட்டைவிரலை நம்பி ஜமக்காளம் வாடகைக்கு எடுத்தேன் நான். தினகரன் என்று ஒருவன், "வண்டி எடுத்துட்டு வர்றேன், ரெண்டு பேரக் கூட்டிட்டும் வர்றேன்" என்றான். மூன்று பேருக்கு ஒரு வண்டி, பெட்ரோல் எரித்துக்கொண்டு பருவநிலைப் படம் பார்க்க வருகிறாயே, உனக்கே சிரிப்பாக இல்லையா, பேருந்தில் வா என்றேன். வரவில்லை. பேருந்திலும் வரவில்லை. நிஜமான அக்கறை இருந்தால் வந்திருப்பான்.

நேற்றுக்கு வருகிறேன். மதியமே போய்விட்டேன். நானே கூட்டினேன், நானே ஜமக்காளம் விரித்தேன், நானே திரை கட்டினேன். ஆடிக்காற்று அக்கா, திரை பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கிளம்பப் பார்த்தது. நாலு மூலையிலும் கல் கட்டினேன். ஆறு மணிக்குள் எல்லாம் தயார். கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தேன், செங்கல் முட்டுக்கொடுத்து.

யாரும் வரவில்லை.

வரவில்லை என்றால் வீட்டில் படுத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். வந்தார்கள். கூடத்துக்கு எதிரே மணல் மேடு இருக்கிறது, கரைக்குக் கொட்டிய கருங்கல் இருக்கிறது. அங்கே வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள், பிள்ளைகள், கொஞ்சம் தள்ளி ஆண்கள். பெண்கள் எல்லாரும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, மடிப்புக் கலையாத புடவை கட்டிக்கொண்டு, ஏதோ விசேஷ வீட்டுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி. உட்கார்ந்து கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அஞ்சலாட்சி அம்மா, மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவை. பக்கத்தில் சுகந்தி. தலை ஆடி இல்லையா, புருஷன் வீட்டிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். புதுத்தாலி, கழுத்து நிறைய மஞ்சள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறேன். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்.

கதவு திறந்திருக்கிறது. நான் வாசலில் நிற்கிறேன். அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு மணல்பாதை, நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? நான் சொல்கிறேன், பகிஷ்காரம். அழகாக உடுத்திக்கொண்டு வந்து செய்கிற பகிஷ்காரம்.

கூடத்தைப் பார்த்துக்கொள்கிற காத்தமுத்து மட்டும் கதவோரம் வந்து நின்றார். "ஏம்மா, ஒரு சத்தம் குடும்மா. எந்திரிச்சு வந்துரும்ங்க" என்றார் மெதுவாக.

"கதவு திறந்துதானே இருக்கு?" என்றேன்.

"கதவு தொறந்துதான் இருக்கு" என்றார். அவரும் உள்ளே வரவில்லை.

ஆறரை ஆனது. படம் ஆரம்பித்தது. காலி ஜமக்காளம், நான், ஓடுகிற படம். பனிமலை உருகுகிறது, காடு எரிகிறது, காற்றுக்கு ஜமக்காளத்தின் ஓரம் தூக்கித் தூக்கி விழுகிறது. இடையில் மடிக்கணினியில் ஒவ்வொரு ஊராகக் காட்டுகிறார்கள். அந்தத் தீவு வந்தது. கொட்டகை கொள்ளாத கூட்டம், நள்ளிரவில் பாட்டுப் பாடுகிறார்கள், தூங்கி விழுகிற குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டுகிறார்கள். அடுத்து எங்கள் பெயரைச் சொன்னார்கள். பனந்திட்டு, நீங்கள் இருக்கிறீர்களா, உங்கள் மக்களைக் காட்டுங்கள் என்றார் அங்கிருந்து நிகழ்ச்சியை நடத்துகிற பெண்மணி.

மக்களைக் காட்டு என்றால் நான் எதைக் காட்டுவது?

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். வெளியே திருப்பினேன். மணல் மேட்டில் வரிசையாகப் பெண்கள், பூ, புடவை, பின்னால் கடல், கடைசி வெளிச்சம். அப்படி ஒரு காட்சி எந்த ஊரிலும் கிடைத்திருக்காது. "கூட்டம் உள்ளே கொள்ளவில்லை, வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவு பேரும் கை தட்டினார்கள் அக்கா. லண்டன் கை தட்டியது. அந்தத் தீவு கை தட்டியது. இவர்களோ நான் ஜன்னலில் எதற்கு எதையோ தூக்கிக் காட்டுகிறேன் என்று தெரியாமல் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் கையாட்டியது. அது போதும் அவர்களுக்கு.

பொய்யா? பொய் எப்படி ஆகும்? வெளியேதானே உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பனந்திட்டுப் பகுதி வந்தது. திரை முழுக்க அடிபம்பு. அஞ்சலாட்சி அம்மாவின் முகம். ஒலிபெருக்கியில் "அரிசி வெந்துடுது" என்று அவர் குரல் கூடத்தைத் தாண்டி மணலுக்குப் போனது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டார். தன் குரல் என்று தெரிந்துவிட்டது. அவர் இன்னும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, தான் எப்படி வந்திருக்கிறோம் என்று. பட்டுப்புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். நான் கதவுக்கு வந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் போதும். அவர்தான்.

என் வாய் வரைக்கும் வந்தது அக்கா. பொய் சொல்லவில்லை. "வாங்கம்மா" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அப்போது கூப்பிட்டால் என்ன அர்த்தம்? ஒரு மாதமாக நான் சொன்னதெல்லாம் தப்பு என்று ஆகிவிடாதா? அங்கே தலைவர் உட்கார்ந்திருக்கிறார், அந்தத் தொடைதட்டிக் கிழவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கொள்கை என்று எடுத்தால் கடைசி வரை நிற்க வேண்டாமா?

படத்தில் அவர் பகுதி முடிந்தது. வேறு நாடு வந்தது, வேறு மொழி. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். சுகந்தி அவர் முதுகில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கோயிலில் தரிசனம் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் மாதிரி போனார்கள்.

நான் படத்தை முடிவு வரை ஓட்டினேன். நிறுத்தக்கூடாது என்பது ஒப்பந்தம். ராத்திரி அங்கேயே ஜமக்காளத்தில் படுத்துக்கொண்டேன்.

இன்று காலை பேருந்துக்கு நிற்கிறேன், சுகந்தி வருகிறாள். வேகமாக, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. என் எதிரே வந்து நின்று தூக்கை நீட்டினாள். "அம்மா குடுத்துச்சு. நேத்து மத்தியானமே வச்சுட்டு உனக்காகப் பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள். தூக்கை வாங்கிக்கொண்டேன். "படம் நல்லாருந்துச்சாடி?" என்று கேட்டாள். குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகத்தான் கேட்டாள். "அம்மா எப்படி இருக்கு அதுல? நல்லா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்காங்க" என்றேன்.

"அழகா இருக்கா?"

"ம்."

"சொல்லிடறேன்" என்றாள். பேருந்து வந்துவிட்டது. அவளே குழாயை ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். தூக்கில் சாப்பாடு கொடுத்து அனுப்பத் தெரிகிறது. திறந்த கதவுக்குள் நாலு எட்டு வைக்கத் தெரியவில்லை. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? அமைப்பாளர்கள் காலையில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். உலகத்திலேயே மறக்க முடியாத கூட்டம் பனந்திட்டுக் கூட்டம்தானாம். நான் ஜன்னல் வழியாகக் காட்டிய அந்தக் காட்சியைத்தான் படமாக்கி எல்லா இடத்திலும் போடப்போகிறார்களாம். யாருக்கு அதைக் காட்டுவது என்று போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள்.

பாருங்கள். இதுதான். நடுவில் மாம்பழக் கலர், அதுதான் அவர். பக்கத்தில் சுகந்தி. ஆமாம், அழகுதான்.

என்ன, அடுத்த நிறுத்தமா நீங்கள்? அதற்குள்ளாகவா? நான்தான் பேசிக்கொண்டே வந்துவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்லவில்லை. நியாயம் கேட்டேனே?

பேரா? பூவிழி. எதற்கு எழுதுகிறீர்கள்? ஓடுகிற பேருந்தில் எழுதினால் கோணலாகத்தான் வரும். எனக்கா? எனக்கு எதற்கு அக்கா? உங்கள் பெண்ணை எனக்குத் தெரியாது. உங்கள் பெயர்கூட இன்னும் தெரியாது. உறவுக்காரர்களுக்கு எண்ணி எடுத்து வந்திருப்பீர்கள், குறைந்துவிடப்போகிறது. ஐயோ, எழுந்து நிற்காதீர்கள், பிரேக் போட்டால் விழுந்துவிடுவீர்கள். உட்கார்ந்தே கொடுங்கள்.

குங்குமமா? நான் வைப்பதில்லை. வருஷமாகிறது. சரி. சரி, வையுங்கள்.

பிடித்துக்கொண்டேன். கசங்காது, இதோ, குழாய்க்குள் திரைக்கு நடுவில் வைத்துவிட்டேன். பார்த்து இறங்குங்கள், பையை நான் தருகிறேன். நடத்துநரே, ஒரு நிமிஷம் நிறுத்துங்கள், அக்கா இறங்கட்டும்! ஞாயிற்றுக்கிழமைதானே? முதல் நாளே வந்துவிடவா? வருகிறேன் அக்கா. கட்டாயம் வருகிறேன். வராமல் எப்படி இருப்பேன்? நீங்கள்தான் கூப்பிட்டுவிட்டீர்களே.